மூடிய மொழிப்புலம் மறுபடி திறக்குமா? பீட்டர்ஸ்பர்க்கிலும் கசானிலும் நடந்தது

உங்கள் பல்கலைக்கழகத்தில் தனித்தனியாக இருந்த மொழித்துறைகளைக் கலைத்து, ஒரு பெரிய சமூக அறிவியல் புலத்துக்குள் சேர்க்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். இப்படிக் கரைந்துபோன மொழிப்புலம் ஏதாவது உலகத்தில் திரும்ப எழுந்து நின்றிருக்கிறதா என்பது உங்கள் கேள்வி.

நின்றிருக்கிறது. ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கீழைமொழிகள் புலம், அதாவது அரபு, பாரசீகம், சீனம் போன்ற கிழக்கத்திய மொழிகளுக்கான புலம். 1855-ல் திறந்தார்கள். 1919-ல், நீங்கள் சொல்வது போலவே, சமூக அறிவியல் புலம் என்ற ஒன்றுக்குள் கரைத்தார்கள். 1944-ல், உலகப் போர் முடிவதற்கு முன்பே, மறுபடி திறந்தார்கள். இன்றும் நேவா ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் இதை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். அதே நாட்டில், அந்தப் புலம் பிறப்பதற்காகவே காலி செய்யப்பட்டு, நூறு வருஷத்துக்கும் மேல் எழ முடியாமல் கிடந்த இன்னொரு மொழிப்புலமும் இருக்கிறது. ஒன்று ஏன் 25 ஆண்டில் எழுந்தது, மற்றது ஏன் எழவில்லை என்று பார்த்தால்தான் உங்களுக்கு உதவும்.

முதலில் அந்த எழாத ஊர். வோல்கா ஆற்றங்கரையில் கசான், தாத்தார் மக்களின் பழைய தலைநகரம். அங்கே பல்கலைக்கழகம் வருவதற்கு முன்பே, 1769-லேயே பள்ளிக்கூடத்தில் தாத்தார் மொழி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஹால்ஃபின் என்ற தாத்தார் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைச் செய்தது. 1804-ல் பல்கலைக்கழகம் வந்தது. 1807-ல் ஃப்ரேன் என்ற ஜெர்மானியர் கீழைமொழிப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். பத்து ஆண்டு இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பும் வழியில் பீட்டர்ஸ்பர்க்கில் தங்கியவர், அங்கேயே நின்றுவிட்டார். அங்கே 1818-ல் ஆசிய அருங்காட்சியகம் என்ற ஒன்று தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். இந்த அருங்காட்சியகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கசான் உண்மையில் செழித்தது 1830, 40களில். அப்போது அங்கே ரெக்டராக, அதாவது பல்கலைக்கழகத் தலைவராக, இருந்தவர் லோபச்சேவ்ஸ்கி. ஆமாம், யூக்ளிடின் வடிவியலுக்கு வெளியே போன அதே கணித மேதைதான். கணக்குக்காரர் மொழிகளுக்கு எதற்குக் கை கொடுத்தார் என்று கேட்கத் தோன்றும். ஆனால் கொடுத்தார். மங்கோலிய மொழிக்கு ஐரோப்பாவிலேயே முதல் பேராசிரியர் பதவி 1833-ல் கசானில்தான் உருவானது. அதற்கு முன்னேற்பாடாக கொவலேவ்ஸ்கி, பொப்பொவ் என்ற இருவரை 1828-ல் பைக்கால் ஏரிப் பக்கம் அனுப்பி, மங்கோலிய இனத்தவரான புர்யாத் மக்களோடு சில ஆண்டுகள் இருந்து மொழியைக் கற்றுவரச் செய்தார்கள். முதலில் ஆளைத் தயார் செய்தார்கள், அப்புறம் பதவியை அறிவித்தார்கள். நம் ஊரில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. 1837-ல் சீனம், 1842-ல் சமஸ்கிருதமும் ஆர்மீனியமும் என்று பட்டியல் நீண்டது. வசீலியெவ் என்ற இளைஞரைப் பெய்ஜிங்குக்கு அனுப்பினார்கள். அவர் பத்து ஆண்டு அங்கே இருந்து சீனமும் திபெத்தியமும் கற்றுத் திரும்பினார்.

அந்தக் கசானின் நடுநாயகம் மிர்சா காசெம்-பெக். பாரசீகத்தில் ரஷ்த் நகரில் பிறந்து தெர்பெந்தில் வளர்ந்தவர். அஸ்த்ரகானில் ஸ்காட்லாந்து பாதிரிமார்களோடு மத வாதம் செய்யப் போய், கடைசியில் தானே கிறிஸ்தவராகிவிட்டார். ரஷ்ய அரசு அவரை சைபீரியாவில் உள்ள ஓம்ஸ்க்குக்கு ஆசிரியராக அனுப்பியது. போகும் வழியில் கசானில் தங்க நேர்ந்து, அங்கேயே பல்கலைக்கழக ஆசிரியராகிவிட்டார். 1844-ல் இந்தப் புலத்துக்கு நுழைவுத் தேர்வு எழுத வந்த பையன்களில் ஒருவர் லியோ டால்ஸ்டாய். முதல் முறை வரலாறும் புவியியலும் காலை வாரின. மறுபடி எழுதி அரபு-துருக்கிப் பிரிவில் சேர்ந்தார். ஒரே ஆண்டில் அதை விட்டுச் சட்டத்துக்கு மாறினார், அதையும் முடிக்கவில்லை. அரபுக்கு நஷ்டம், நாவலுக்கு லாபம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

1854 அக்டோபரில் பேரரசர் முதலாம் நிக்கலஸின் ஆணை வந்தது. கீழைமொழிக் கல்வியெல்லாம் தலைநகரில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், கசானில் உள்ள பிரிவை மூட வேண்டும் என்பது அதன் சாரம். பேராசிரியர்கள் போனார்கள், மாணவர்கள் போனார்கள், நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் பெட்டி பெட்டியாகப் போயின. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கசான் கல்வி மாவட்டத்துக்கு அதிகாரியாக இருந்து அந்தப் பிரிவை வளர்த்துவிட்டவர் மூசின்-புஷ்கின். பிறகு அவருக்குப் பீட்டர்ஸ்பர்க் கல்வி மாவட்டத்துக்கு மாற்றலானது. கசானை ஒழித்துக்கட்டித் தலைநகரில் புலத்தை அமைக்க முன்னின்றவரும் அவரே. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாரோ அந்த நாற்காலிக்கு விசுவாசம்!

1855 ஆகஸ்டில் பீட்டர்ஸ்பர்க்கில் புதிய புலம் திறந்தது. முதல் டீன் காசெம்-பெக். வசீலியெவ், பொப்பொவ், துருக்கியியல் அறிஞர் பெரேசின் எல்லாரும் கசானிலிருந்து வந்தவர்கள். கொவலேவ்ஸ்கி மட்டும் போகவில்லை, கசானிலேயே இருந்தார்.

பீட்டர்ஸ்பர்க்கிலும் மண் வெறும் தரிசாக இருக்கவில்லை. 1818-லிருந்தே அரபும் பாரசீகமும் அங்கே சொல்லிக்கொடுத்து வந்தார்கள். முதல் இருவரும் பாரிஸிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர்கள். சக பேராசிரியர்களைச் சுதந்திரச் சிந்தனைக்காக நிர்வாகம் வேட்டையாடியபோது, அந்த இருவரும் எங்களுக்கு இந்த வேலையே வேண்டாம் என்று வெளியேறிவிட்டார்கள். அந்த இடத்துக்கு 1822-ல் வந்த செங்கோவ்ஸ்கிக்கு வயது 22. அப்புறம் 1840-ல் எகிப்திலிருந்து ஷேக் முகம்மது அய்யாத் அத்-தந்தாவி வந்தார். கெய்ரோவின் பழைய இஸ்லாமியக் கல்விக்கூடமான அல்-அஸ்ஹரில் பாடம் நடத்தியவர். ஐரோப்பியர்களுக்கு அரபு என்றால் ஏட்டு அரபுதான் என்றிருந்த காலத்தில், கெய்ரோ தெருவில் பேசுகிற அரபுக்கு 1848-ல் ஒரு பாடநூல் எழுதினார். 1861-ல் பீட்டர்ஸ்பர்க்கிலேயே இறந்தார். கல்லறை அங்கே உள்ள தாத்தார் இடுகாட்டில் இருக்கிறது.

இப்படிச் சேர்ந்த புலத்துக்குள் ஆரம்பத்திலிருந்தே ஓர் இழுபறி. அரசுக்கு வேண்டியது மொழிபெயர்ப்பாளர்களும் தூதரக அதிகாரிகளும். ரஷ்யா அப்போது காகசஸிலும் மத்திய ஆசியாவிலும் நிலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த மக்களோடு பேச ஆள் வேண்டும். பேராசிரியர்களில் ஒரு சாராரோ, நாங்கள் துபாஷிகளை உருவாக்கும் பட்டறை இல்லை, அறிவியல் செய்ய வந்திருக்கிறோம் என்றார்கள். காசெம்-பெக்குக்கு நடைமுறைப் பயன் முக்கியம். அடுத்த தலைமுறையில் வந்த அரபியலாளர் ரோசென் அதை மறுபக்கம் திருப்பினார். 1893 முதல் 1902 வரை அவர் டீனாக இருந்த காலம்தான் புலத்தின் பொற்காலம் என்பேன். மத்திய ஆசிய வரலாற்றுக்குப் பார்த்தோல்த், அரபுக்குக் கிராச்கோவ்ஸ்கி என்று அவரிடம் படித்து வந்தவர்களின் பெயர்கள் இன்றும் அந்தத் துறைகளில் சட்டம் மாதிரி.

நம் பக்கத்துக்கு நெருக்கமானவர் மினாயெவ். பாலி மொழிக்கு 1872-ல் இலக்கணம் எழுதினார், 1874-ல் இலங்கைக்கு வந்தார், இந்தியாவுக்கு மூன்று முறை பயணம் செய்தார். பௌத்த தர்க்கத்தை உலகுக்கு எடுத்துச்சொன்ன ஷெர்பாத்ஸ்கோயும், பிற்காலத்தில் அறிவியல் கழகத்தின் செயலாளராக இருந்த ஒல்தென்பூர்கும் அவருடைய மாணவர்கள்.

இனி உங்கள் கேள்வியின் மையம். 1917-ல் புரட்சி. 1919-ல் கீழைமொழிகள் புலம், வரலாறு-மொழியியல் புலம், சட்டப் புலம் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சமூக அறிவியல் புலம் என்று பெயர் வைத்தார்கள். அப்போது சொன்ன காரணங்களைப் படித்தால் உங்கள் பல்கலைக்கழகச் சுற்றறிக்கையைப் படிப்பது போலவே இருக்கும் என்று நினைக்கிறேன்: பழைய பிரிவினைகள் வேண்டாம், துறைகளுக்கு இடையே சுவர் வேண்டாம், படிப்பு வாழ்க்கைக்குப் பயன்பட வேண்டும். அதற்குப் பிறகு ஒன்றோடு நிற்கவில்லை. பெயர் மாறியது, பிரிந்தது, மறுபடி சேர்ந்தது. 1930 வாக்கில் மொழி, இலக்கியப் பிரிவுகளைப் பல்கலைக்கழகத்திலிருந்தே பிடுங்கித் தனி நிறுவனமாக்கினார்கள். 1937-ல் மொழியியல் புலம் என்று திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்தக் குழப்பத்தில் கீழைமொழிகளுக்கு என்று தனி வீடு இல்லை.

வீடு இல்லாவிட்டாலும் ஆள் எப்படிப் பிழைத்தார்கள்? இரண்டு திண்ணைகள் இருந்தன. ஒன்று, ஃப்ரேன் தொடங்கிய ஆசிய அருங்காட்சியகம். சுவடிகள் அங்கே இருந்தன, அதனால் சுவடி படிக்கத் தெரிந்தவர்களும் அங்கேயே இருந்தார்கள். 1930-ல் அது அறிவியல் கழகத்தின் கீழையியல் நிறுவனமாக மாறியது. இரண்டாவது, 1920-ல் தொடங்கிய வாழும் கீழைமொழிகள் நிறுவனம். பெயரைக் கவனியுங்கள், 'வாழும்'. பழைய ஏடுகள் போதும், பேசுகிற மொழி வேண்டும் என்றது புதிய அரசு. ரோசெனோடு சண்டை போட்ட அதே நடைமுறைப் பயன் கட்சி இப்போது சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. ஆனால் அதில் பாடம் நடத்தப் பழைய புலத்துப் பேராசிரியர்களைத்தானே கூப்பிட வேண்டும்? கூப்பிட்டார்கள். சீனவியலாளர் அலெக்ஸேயெவ் போன்றவர்கள் எந்தப் பலகை மாட்டிய கட்டடமானாலும் போய்ப் பாடம் எடுத்தார்கள். மாணவர்கள் உருவானார்கள்.

தமிழ் இந்தக் கதைக்குள் நுழைவதும் இங்கேதான். மெர்வார்த் என்று ஒருவர். ஜெர்மனியில் மன்ஹைமில் பிறந்து ரஷ்யாவில் வேலை பார்த்தவர். பீட்டர்ஸ்பர்க் மானிடவியல் அருங்காட்சியகம் அவரையும் அவர் மனைவி லியுத்மிலாவையும் 1914-ல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பொருள் சேகரிக்க அனுப்பியது. போன இடத்தில் முதல் உலகப் போர், அதற்குப் பின்னால் புரட்சி. சம்பளம் அனுப்ப வேண்டிய அரசே காணாமல் போய்விட்டது. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் வேலை பார்த்துச் சமாளித்தார்கள். அந்த அருங்காட்சியகத்தின் இசைக்கருவிகளுக்கு அவர் எழுதிய வழிகாட்டி 1917-ல் அச்சானது. கடைசியில் தூரக்கிழக்கு வழியாக ரஷ்யாவுக்குள் நுழைந்து, 1920களில் சொந்த நகரத்துக்குத் திரும்பினார்கள். அதற்குள் அது லெனின்கிராட் ஆகிக்கொண்டிருந்தது. அங்கே மெர்வார்த் தமிழ் கற்பித்தார். 1929-ல் ரஷ்ய மொழியில் பேச்சுத்தமிழ் இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். பேச்சுத்தமிழை நாமே பாடமாக மதிக்காத காலம் அது.

நூல் வந்த அடுத்த வருஷம், 1930-ல், அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் மேல் போட்ட பொய்வழக்கில் அவரையும் மனைவியையும் கைது செய்தார்கள். 1932-ல் மெர்வார்த் முகாமிலேயே இறந்துபோனார். லியுத்மிலா மீண்டு வந்து, பிற்பாடு மாஸ்கோவில் இந்தோனேசிய மொழி கற்பித்தார்.

1937, 38 இன்னும் கொடூரம். திபெத்தியவியலாளர் வோஸ்த்ரிகொவ் சுடப்பட்டார். சீனரின் மாற்ற நூலான யீ சிங்கை மொழிபெயர்த்த ஷூத்ஸ்கி சுடப்பட்டார். நிக்கலாய் நெவ்ஸ்கி என்று ஒருவர். ஜப்பானில் பதினான்கு ஆண்டு இருந்தவர், செத்துப்போன தாங்குத் மொழியை ஏடுகளிலிருந்து படித்தெடுத்துக்கொண்டிருந்தவர். அவரையும் அவருடைய ஜப்பானிய மனைவி இசோகோவையும் 1937 நவம்பரில் ஒரே நாளில் சுட்டார்கள். 1938-ல் வாழும் மொழிகள் நிறுவனத்தையும் மூடினார்கள். அப்புறம் இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராட்டை ஜெர்மன் படை வளைத்துக்கொண்ட முற்றுகை. 872 நாள். சீன நூல்களின் வரலாற்றை ஆராய்ந்த ஃப்ளூக் 1942 ஜனவரியில் பசியில் இறந்தார். ஷெர்பாத்ஸ்கோய் வெளியேற்றப்பட்டு, கசக்ஸ்தானில் அதே ஆண்டு இறந்தார். கிராச்கோவ்ஸ்கி மட்டும் முதல் முற்றுகைக் குளிர்காலம் முழுக்க நகரத்திலேயே இருந்து அரபுச் சுவடிகளுக்குக் காவல் நின்றார். 1942 கோடையில்தான் அவரை வெளியே கொண்டுபோனார்கள்.

1944 ஜனவரியில் முற்றுகை உடைந்தது. அதே ஆண்டில் கீழையியல் புலத்தை மறுபடி அமைக்க உத்தரவு வந்தது. ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லாத ஊரில் அரபுக்கும் சீனத்துக்கும் என்ன அவசரம்? அரசின் கணக்கு எளிது. சோவியத் படை 1941 முதல் வடக்கு ஈரானில் இருந்தது. போர் முடிந்தால் சீனா, ஜப்பான், இந்தியா எல்லா இடத்திலும் பேச ஆள் வேண்டும், ஆள் இல்லை. 1855-ல் புலத்தைப் பெற்றெடுத்த அதே தேவை 1944-ல் அதை மறுபடி எழுப்பியது. ஆனால் தேவை மட்டும் இருந்தால் போதுமா? உத்தரவு வந்த அன்று அரபுக்குக் கிராச்கோவ்ஸ்கி இருந்தார், சீனத்துக்கு அலெக்ஸேயெவ் இருந்தார், இந்திய மொழிகளுக்குப் பரான்னிகொவ் இருந்தார். பழைய புலத்தில் படித்த முதல் இருவருக்கும் வயது 60-ஐத் தாண்டியிருந்தது. இன்னும் பத்து ஆண்டு தாமதித்திருந்தால் பாடம் எடுக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்: கிராச்கோவ்ஸ்கியும் அலெக்ஸேயெவும் 1951-ல் இறந்தார்கள், பரான்னிகொவ் 1952-ல். கிடைத்த அந்த ஏழெட்டு ஆண்டில் ஒரு தலைமுறையையே படிக்கவைத்துவிட்டார்கள். அதிலும் நிம்மதியாக விட்டார்களா என்றால் இல்லை. 1949-ல் மேற்கத்தியப் புலமைக்குத் தலைவணங்குகிறவர்கள் என்று கிராச்கோவ்ஸ்கியையும் அலெக்ஸேயெவையும் கூட்டம் போட்டுத் திட்டினார்கள்.

பிற்பாடு புலம் நிலைத்ததில் டீன்களுக்கும் பங்கு உண்டு. 1955-லிருந்து 1960 வரை ஓர்பெலி, முற்றுகைக் காலத்தில் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தைக் காத்தவர். அவருக்குப் பின் ஈரானியவியலாளர் பொகல்யூபொவ், 1960 முதல் 1995 வரை. முப்பத்தைந்து வருஷம் ஒரே டீன்! ஜனநாயகமாக அது நல்ல விஷயமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அடிக்கடி ஆள் மாறாததால் ஐந்து மாணவர் மட்டும் படிக்கிற மொழிகளைக் கூட யாரும் லாப நஷ்டம் பார்த்து வெட்டவில்லை.

இப்போது தமிழை மறுபடி எடுத்துப் பாருங்கள். அரபிலும் சீனத்திலும் ஆசிரியர்-மாணவர் தொடர் நூலிழையிலாவது அறுபடாமல் இருந்தது. தமிழில் அறுந்தது. 1929-ல் மெர்வார்த்தின் நூல் வந்தபோது பிறந்த செம்யோன் ருதின், 1950களில் அதே நகரத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து கற்றுத்தர மெர்வார்த் இல்லை. மறுபடி அரிச்சுவடியிலிருந்துதான். தேவை வந்திருந்தது: 1955-ல் நேரு மாஸ்கோவுக்குப் போனார், அதே ஆண்டுக் கடைசியில் குருஷேவ் சென்னை வரைக்கும் வந்துவிட்டுப் போனார். ருதினும் மாஸ்கோவின் பியாதிகோர்ஸ்கியும் சேர்ந்து, பூர்ணம் சோமசுந்தரம் பதிப்பாசிரியராக இருக்க, 1960-ல் சுமார் 38,000 சொற்கள் கொண்ட தமிழ்-ரஷ்ய அகராதியைக் கொண்டுவந்தார்கள். பெரிய சாதனை. ஆனால் இடையில் போன முப்பது ஆண்டைக் கணக்கு வையுங்கள். ஒரே நகரம், ஒரே புலம். ஆள் தங்கிய மொழி உடனே எழுந்தது, ஆள் போன மொழிக்கு ஒரு தலைமுறை பிடித்தது.

நெவ்ஸ்கி விஷயத்தில் ஆள் போனாலும் தாள் தங்கியது. அவருடைய தாங்குத் அகராதிக் குறிப்புகள் கீழையியல் நிறுவனத்தில் கிடைத்தன. 1960-ல் இரண்டு தொகுதியாக அச்சிட்டு, 1962-ல் லெனின் பரிசும் கொடுத்தார்கள். சுட்டுக்கொன்று 25 ஆண்டு கழித்துப் பரிசு.

கசானுக்கு இரண்டும் போய்விட்டது. 1855-க்குப் பிறகு அங்கே மொழிகள் சுத்தமாக ஒழிந்துவிடவில்லை. பிறகும் அவ்வப்போது தனி ஆட்கள் வந்தார்கள், பெரிய ஆட்கள்கூட. கதானொவ் என்பவர் சைபீரியாவின் ககாஸ் இனத்தில் பிறந்து, பீட்டர்ஸ்பர்க் புலத்தில் படித்து, 1894-ல் கசானுக்கு வந்து 1922 வரை துருக்கிய மொழிகளில் உழைத்தார். தன் சொந்தக் காசில் ஆயிரக்கணக்கான நூல்கள் சேர்த்தார். அதை வாங்க உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை. 1914-ல் துருக்கிக்கு விற்றார். இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தின் துருக்கியியல் நிறுவன நூலகம் அந்த நூல்களின் மேல்தான் எழுந்தது. புலம் என்ற கூரை இல்லாத ஊரில் தனியாள் சேர்த்தது தனியாளோடு போய்விடும். கசானில் கீழைமொழிகளுக்கு என்று புலம் மறுபடி வந்தது 1980களின் கடைசியில்; கீழையியல் நிறுவனம் என்று தனியாக நின்றது 2000-ல்.

ஆகவே உங்கள் ஊர் விஷயத்தில் நான் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கவலைப்பட மாட்டேன். சமூக அறிவியல் என்று எழுதட்டும், வேறு என்னவோ எழுதட்டும். ஓய்வுபெறும் பேராசிரியரின் இடத்தை நிரப்புகிறார்களா, இல்லை 'தேவைப்படும்போது கௌரவ விரிவுரையாளர்' என்று விடுகிறார்களா, அதைக் கேளுங்கள். துறை நூலகம் அப்படியே இருக்குமா, மைய நூலகத்துக்குப் போகுமா, போனால் பட்டியலோடு போகுமா என்று எழுத்தில் வாங்குங்கள். உங்களிடம் சுவடிகள் இருப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். அதற்கு முதலில் ஒரு பட்டியல் போடுங்கள், இந்த மாதமே. 1855-ல் கசானிலிருந்து வண்டியேறிய நூல்கள் இன்னும் பீட்டர்ஸ்பர்க்கில்தான் இருக்கின்றன.